யூனி வீட்டுக் கூகைகள்

விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண், என் மேலதிகாரி ஹேமநாதன் சாரின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இந்தோனேசியாவுக்குள் நுழைய அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சாருடையதில் நான்குதான் மிச்சம். அன்று சனிக்கிழமை. புதியது எடுக்கத் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டும்.

என் பாஸ்போர்ட் புத்தம் புதியது. ஒரு முத்திரைகூட இல்லை.

வழியனுப்ப அப்பா, அம்மா, தம்பி வசந்தன் மூவரும் எங்கள் ஊர் கோலா சாவாவிலிருந்து வந்திருந்தார்கள்.

“அப்ப நீயும் வந்துரு, துர்கா,” என்றார் அம்மா. “செவ்வாக்கெழம சார்கூட சேந்து போலாம்லா. ஒத்தப் பொண்ணு, தெரியாத நாடு.”

சார் தலையைச் சொறிந்தார். “அங்க ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்கம்மா. ஏணி ஏறுறது, குஞ்சு புடிக்கிறது எல்லாம் இவதான். நான் கீழ நின்னு வாய் பேசறதோட சரி.”

“அந்த வாய்தானே சார் இவகிட்ட இல்ல,” என்றான் வசந்தன். “ஆந்தையப் பாக்க ஏரோப்ளேன் ஏறிப் போற மொத ஆளு எங்கக்காதான். நம்ம வீட்டுக்குப் பின்னால இருக்கறதெல்லாம் கோச்சிக்கப் போவுது.”

“வாய மூடுடா. பயணம் போற நேரத்துல அது பேரச் சொல்லிக்கிட்டு,” என்றார் அம்மா.

அப்பா என் பெட்டியின் கைப்பிடியை என் பக்கம் திருப்பி வைத்தார். “மலாய் தெரியும்ல? அங்கயும் கிட்டத்தட்ட அதே பாஷதான். போய்ட்டு வாம்மா.”

தெரியும் என்று தலையாட்டினேன். மலாய் தெரியும். நான்கு பேர் முன்னால் வாயைத் திறப்பதுதான் தெரியாது. பல்கலைக்கழகத்தில் என் ஆய்வைப் பற்றி நான் பேசியபோது, முதல் வரிசையில் இருந்த விரிவுரையாளரே “சத்தமா, சத்தமா” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். திரும்பிப் பார்த்தால் அம்மா அழுவது தெரியும் என்று பார்க்கவில்லை.

நான் விலங்கியல் படித்தவள். ஒரு தோட்டக் கம்பெனியின் ஆய்வுப் பிரிவில் வேலை. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையின் பழத்தை எலி தின்னும். எலியைக் கூகை தின்னும். அதனால் செம்பனைகளுக்கு நடுவே கம்பம் நட்டு, கூகை தங்குவதற்கு மரப்பெட்டி வைப்பார்கள். அந்தப் பெட்டிகள் வரை ஏறி முட்டையையும் குஞ்சையும் பார்ப்பது என் வேலை. கூகையும் ஆந்தையில் ஒரு வகைதான். அது அலறினால் சாவு வரும் என்ற பயம் எங்கள் தோட்டத்து லய வீடுகளில் இன்னும் போகவில்லை. உறவுக்காரர்கள் கேட்டால் அம்மா, “கம்பெனியில ரிசர்ச்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஜாவாவில் ஒரு நெல் கிராமம் எங்கள் முறையைப் பார்த்து வயலோரம் பெட்டிகள் வைத்திருந்தது. இரண்டு வருடமாக எல்லாம் காலி. இப்போதுதான் ஒன்றில் ஒரு ஜோடி வந்து குஞ்சு பொரித்திருந்தது. அதைப் பார்க்கத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

விமானத்தில் தண்ணீர் கேட்க வெட்கப்பட்டுத் தாகத்தோடே போய் இறங்கினேன். ஜோக்ஜகார்த்தாவில் குடிநுழைவு அதிகாரி என்னையும் எனக்குப் பின்னாலும் பார்த்தார்.

“தனியாகவா?”

“ஆமாம்.”

முத்திரை விழுந்தது. வெளியே வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மை சற்றுக் கோணலாகப் பதிந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கிராமத் தலைவர் பாக் சுர்யோ என்னைப் பெட்டி இருந்த இடத்துக்கு அழைத்துப் போனார். கம்பம் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் நின்றது. கொல்லையைத் தாண்டி வயல். கம்பத்தைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. ஏணி சாத்தியிருந்தார்கள். இரண்டு ஆண்கள் கயிற்றோடு நின்றார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் மிக இனிப்பான தேநீரும் கொடுத்தார்கள்.

“இதை இறக்கி, வயலுக்கு அந்தப் பக்கம் வைக்கப் போறோம்,” என்றார் பாக் சுர்யோ. “இந்த வீட்டு மருமகள் யூனி மாசமா இருக்கு. பயப்படுது. உங்க சார் செவ்வாய்க்கிழமை வந்ததும் புது இடத்துல பாத்துக்கட்டும்.”

குஞ்சுகள் இருக்கும் பெட்டியை அவ்வளவு தூரம் நகர்த்தினால் தாய் பழைய இடத்துக்குத்தான் வரும். அங்கே ஒன்றும் இருக்காது. குஞ்சுகள் பட்டினியில் சாகும். இரண்டு வருடத்தில் வந்த ஒரே ஜோடியும் போய்விடும்.

“வேண்டாம்,” என்றேன்.

ஒருவருக்கும் கேட்கவில்லை. ஒருவர் ஏணியில் கால் வைத்தார். சார் இருந்தால் இந்நேரம் பேசியிருப்பார். நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகு, எல்லாரும் என்னைப் பார்த்தபோது, பேசாமல் இருக்க முடியவில்லை.

“நகர்த்தினா குஞ்சு செத்துரும். தாய்க்கு இந்த இடம்தான் தெரியும்.”

என் குரல்தானா என்று இருந்தது. கொல்லை முழுவதும் கேட்டது.

யூனியின் மாமியார் இடுப்பில் கைவைத்து முன்னால் வந்தார். “உங்க நாட்டுல இத வீட்டுக்குப் பின்னாலதான் வெப்பீங்களா?”

“எங்க வீட்டுக்குப் பின்னால இருக்கு.”

“உங்கம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?”

“அவங்களுக்கும் பிடிக்காது. அலறினா சாமி பேரச் சொல்லிட்டுக் கதவச் சாத்திக்குவாங்க.”

யாரோ சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. “நாங்களுந்தான் ஓதறோம். போவமாட்டேங்குதே.”

அடுப்படி வாசலில் என் வயதுப் பெண் ஒருத்தி வயிற்றில் கைவைத்து நின்றிருந்தாள். அதுவரை அவளிடம் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. அவளைப் பார்த்துக் கேட்டேன். “நீங்க என்ன சொல்றீங்க?”

யூனி மாமியாரை ஒரு முறை பார்த்தாள். “அலறல்கூடப் பரவாயில்ல அக்கா. பொழுது சாஞ்சா அங்கேருந்து ஒரு சத்தம் வருது. வயசான ஆளு மூச்சுக்குத் திணறுற மாதிரி. படுக்கவே முடியல.”

அந்தச் சத்தத்தை நான் எத்தனையோ பெட்டிகளுக்கு அடியில் நின்று கேட்டிருக்கிறேன்.

“அது குஞ்சுங்க. பசின்னு கேக்குது.”

“காட்டுங்க,” என்றாள்.

ஏணியில் இருந்தவர் இறங்கி வழிவிட்டார். நான் துணிப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறினேன். மேலே ஏறிவிட்டால் எனக்குக் கூச்சம் இருப்பதில்லை. பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். துவாரத்தைத் துணியால் அடைத்துவிட்டுப் பக்கக் கதவைத் திறந்தேன். கண்ணைக் கரிக்கும் அந்தப் பழகிய நாற்றம். தாய் இல்லை. மூன்று குஞ்சுகள் படிக்கட்டு போல, ஒன்றைவிட ஒன்று சிறியதாக, மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் தின்னாத எலி ஒன்று. நன்றாகத்தான் வளர்த்திருக்கிறது.

மூத்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். எலியையும் வாலைப் பிடித்துக் கொண்டுவந்தேன். ஆண்கள் தங்கள் நெல்லைத் தின்னும் எலியைப் பார்த்தார்கள். யூனி குஞ்சைப் பார்த்தாள். வெள்ளைப் பஞ்சு உடம்பு, பாதியாக வெட்டிய ஆப்பிள் போல முகம். அது அவளைப் பார்த்து வாயைத் திறந்து நீளமாகச் சீறியது.

“இதா?” என்றாள் யூனி. “இத்தனை நாளா இதுவா?” அவள் சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது. “அத்தே, இங்க பாருங்க. சோறு கேக்குது!”

மாமியார் எட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. உடனே மறுபடியும் இறுகியது. “நீதான் தொட்டுட்டியே. இனிமே தாய் அண்டாது.”

“வரும்.”

“வரலேன்னா?”

“வரலேன்னா நானே ஏறி இறக்கிடறேன்.”

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு கூட்டத்தையும் கூச்சலையும் பார்த்த பறவை, அன்றே வர வேண்டுமே. குஞ்சையும் எலியையும் திரும்பக் கொண்டுபோய் வைத்து, துவாரத்தில் அடைத்த துணியையும் எடுத்துவிட்டு, எல்லாரையும் கம்பத்திலிருந்து தள்ளி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்கள். நான் சொல்லி ஒரு கூட்டம் உட்காருவதை அன்றுதான் பார்த்தேன்.

மதியம் சார் அழைத்தார். பாக் சுர்யோ அவருக்கு முன்பே சேதி அனுப்பியிருந்தார் போல.

“துர்கா, பெட்டிய எறக்கப் போறாங்களாமே. நான் பேசறேன், போன அவருகிட்ட குடு.”

“எறக்கல சார். அங்கேயேதான் இருக்கு.”

“யாரு பேசினா?”

“நான்தான் சார்.”

“நீயா?” என்றார்.

“ஆமா சார்.”

பொழுது சாயத் தொடங்கியதும் ஊர் மறுபடியும் வந்தது. இந்த முறை பாய்களோடும் வேகவைத்த கடலையோடும் வந்தார்கள். தொழுகை அழைப்பு ஓய்ந்தது. வயலின் பச்சை மங்கியது. பெட்டிக்குள் குஞ்சுகள் சீறத் தொடங்கின. யூனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அதைப் போலவே சீறிக் காட்டினார்கள்.

வானத்தில் ஒன்றும் இல்லை. மாமியார் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் வயலையே பார்த்தேன். பெட்டியை நானே இறக்குவது எப்படி இருக்கும், எந்தக் குஞ்சை முதலில் எடுப்பேன் என்றெல்லாம் மனம் போனது. அதை இழுத்துப் பிடித்தேன்.

சாலையில் ஒரு மோட்டர் சைக்கிள் தடதடவென்று வந்தது.

“டேய், மோட்டர நிறுத்துடா!” மாமியார் எழுந்து கத்தினார். “எங்க வீட்டுல குஞ்சு பசியோட கெடக்கு. நீ இப்பிடிச் சத்தம் போட்டா அது எப்பிடி வரும்?”

ஓட்டி வந்தவன் திகைத்துப்போய் இன்ஜினை அணைத்தான். பிள்ளைகளுக்கும் ஓர் அதட்டல் விழுந்தது. கடலை உரிக்கும் சத்தம்கூட நின்றது.

அப்போது வயலுக்கு மேல் வெள்ளையாக ஒன்று வந்தது. இறக்கைச் சத்தமே இல்லை. எங்கள் தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டுப் பெட்டி வாசலில் இறங்கியது. காலில் எலி தொங்கியது. இதயம் போன்ற முகத்தைத் திருப்பி அந்த ஊரையே ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே குனிந்தது. சீறல் உச்சத்துக்குப் போய், மெல்ல அடங்கியது.

யூனி இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

“பறக்கற வரைக்கும் இருக்கட்டும்,” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

மாமியார் வயலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அடுத்தது எப்ப கொண்டாரும்?”

“கொஞ்ச நேரத்துல. இன்னும் ரெண்டு குஞ்சு இருக்கு.”

“அப்ப யாரும் எழுந்திருக்காதீங்க,” என்றார் அவர் ஊரிடம். “அந்தப் பொண்ணு சொல்லுது.”

யாரும் எழுந்திருக்கவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.