இடாப்பில் இருபது பேர்

காலை எட்டு மணிக்கு, வரவு இடாப்புக் கூப்பிடும் நேரம் பார்த்துத்தான் விஜேந்திரன் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குள் நுழைந்தான். பதுளையிலிருந்து ஏறும் பாதையில் அதுதான் தோட்டத்தின் கடைசி டிவிசன். பாடசாலை என்பது ஒரே மண்டபம், அதைத் தட்டியால் பிரித்து ஐந்து வகுப்பு. இரவெல்லாம் ஃபெக்டரியில் நின்றவன் முகம்கூடக் கழுவாமல் நேரே வந்திருந்தான். மகளின் விடுகைப் பத்திரம் இல்லாமல் திரும்புவதில்லை என்று முடிவு.

நாலாம் தரம்வரை இங்கே படித்த மகள் விதுஷா ஜனவரியிலிருந்து டவுனில் ஐந்தாம் தரம் படிக்கிறாள். பத்திரத்தைப் பிறகு தருவதாகச் சொல்லித்தான் சேர்த்திருந்தான். இப்போது ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்குப் பெயர் அனுப்புகிறார்கள். நாளைக்குள் பத்திரம் வராவிட்டால் அவள் பெயர் போகாது. அதிபர் சிங்கராயரோ ஐந்து மாதமாக இன்று, நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

"விதுஷா" என்று அவர் இடாப்பைப் பார்த்து வாசித்தார்.

"வந்தேன் சேர்."

சொன்னது இங்கே சமைக்கிற இராக்கம்மாவின் கடைசி மகள். நாலு வயது. பெஞ்சில் கால் தொங்க உட்கார்ந்திருந்தது.

விஜேந்திரன் மற்ற பெஞ்சுகளைப் பார்த்தான். கொழும்புக்குப் போன பிள்ளைகள், டவுனுக்கு மாறிய பிள்ளைகள், அவர்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் பள்ளி வயது வராத ஒரு குட்டி. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா பூட்டி இரண்டு வருடமாகிறது. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் இங்கே விட்டுவிட்டுப் போகிறார்கள். பெயரைச் சொன்னால் 'வந்தேன்' என்று சொல்லவேண்டும். பகலுக்குச் சோறு கிடைக்கும். லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பகலில் தூங்குகிறவனிடம் யாரும் சொல்லவில்லை.

"உண்மையா எத்தன புள்ளைங்க சேர்?"

"ஒம்பது" என்றார் சிங்கராயர், தலை நிமிராமல்.

மேசையிலிருந்த வலயக் கல்விக் காரியாலயக் கடிதத்தை அவன் பக்கம் தள்ளினார். இருபதுக்குக் குறைந்தால் ஏழு கிலோமீட்டர் கீழே இருக்கிற பாடசாலையோடு சேர்த்துவிடுவார்கள். இடாப்பில் சரியாக இருபது பேர்.

"ஒங்க மக ரொஷானி எங்க படிக்கிறா?"

"டவுன்லதான். நான் என்ன முட்டாளா?"

விஜேந்திரன், காரியாலயத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்றான். சிங்கராயர் அசரவில்லை. பத்திரம் இப்போதே எழுதித் தருவதாகவும், ஆனால் பிள்ளை கடைசியாக வந்த நாள் நேற்று என்றுதான் போடமுடியும் என்றும் சொன்னார். இடாப்பு அப்படித்தான் சொல்கிறது, மாதாமாதம் மேலதிகாரி கையெழுத்தும் வைத்திருக்கிறார்.

விஜேந்திரனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே பிள்ளை ஐந்து மாதமாக இரண்டு பள்ளிக்கூடத்திலும் வந்திருக்கிறாள். அந்தத் தேதியோடு போனால் டவுனில் வாசலிலேயே விரட்டுவார்கள். டிசம்பரோடு விலகியதாகத்தான் வேண்டும் என்றான்.

பின்பக்கம் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிக்கொண்டிருந்த இராக்கம்மா, சத்தம் கேட்டு அகப்பையோடு வந்து நின்றாள்.

"ஒம் மக பெரியாளாகணும்னு எங்க புள்ளைங்க சோத்துல மண்ணப் போடுறியா?"

"ஒங்க புள்ள திங்கிறதுக்கு எம் மக பேருதான் கெடைச்சுதாக்கா?"

"பேரு சும்மாதானே கெடந்துச்சு. தேஞ்சா போச்சு?"

அவன் இடாப்பை இழுத்தான், மேசையிலிருந்த சிவப்புப் பேனையை எடுத்தான். ஜனவரி, பெப்ரவரி, மார்ச். விதுஷாவின் பெயருக்கு நேரே பக்கத்துக்கு ஒரு கோடு. ஏப்ரலில் தாள் கிழிந்தது. மே மாதத்தையும் கோடு போட்டு முடித்தான். சிங்கராயர் தடுக்கவே இல்லை. கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பாடசாலைச் சம்பவப் புத்தகத்தைத் திறந்து நிதானமாக எழுதி, வாசித்தும் காட்டினார். பிள்ளை திரும்பி வரும் என்று தகப்பன் பொய் சொன்னதால் வரவு பிழையாக இடப்பட்டது. இன்று அவரே அத்துமீறி நுழைந்து இடாப்பைச் சேதப்படுத்தினார்.

"இதுல கையெழுத்து வை. டிசம்பர்னு போட்டுத் தர்றேன்."

"பொய்ய எந் தலையில கட்டுறீங்க."

"யாரு தலையிலயாவது கட்டணுமே."

விஜேந்திரன் கையெழுத்து வைத்தான். நாளை இந்தப் பாடசாலையைப் பூட்டும்போது காரணம் யார் என்று கேட்டால் அவன் பெயர் அதில் இருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் இதுகூடவா விளங்காது? விளங்கித்தான் வைத்தான். சிங்கராயர் பத்திரத்தில் முத்திரை குத்தி நீட்டினார்.

இராக்கம்மா பெஞ்சிலிருந்த மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரி. ஒம் பேரு போயிருச்சு."

வாசல்வரை அவன் பின்னாலேயே வந்தாள். "இத மூடினா எம் பெரியவளும் கீழதான் போகணும். ஏழு வயசு. தனியா பஸ் ஏறத் தெரியாது. அதே பஸ்ல டவுனுக்குப் போற ஒம் மகதான் கூட்டிட்டுப் போகணும், கேட்டுக்க."

"எம் மக யாரையும் கூட்டிட்டுப் போகமாட்டா."

"நாசமாப் போவ."

"போறேன்" என்றான். பத்திரத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்கக் குறுக்குப் பாதையில் இறங்கினான்.