கீழே இறங்கும் கோடு

காலை ஒன்பதரைக்கு என் பழைய புரோகிராமைத் திறந்து தொலைத்தேன். சும்மா இருந்திருக்கலாம். பதினோரு மணிக்கு, ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஜூனியரான நிதானத்துக்கு வாய்மொழித் தேர்வு, ஆறு வருஷ ஆராய்ச்சியின் கடைசிப் படி. யாராவது ஏடாகூடமாகக் கேட்டால் கைகொடுக்கலாமே என்று பார்த்தேன். நூற்றுப் பதினேழாவது வரியில் என் தப்பு கண்ணில் பட்டது.

எதற்கும் பதறாதவன் என்பதால் நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் நிதானம். அசுர வேகத்தில் சுழலும் நட்சத்திரத்தில் ஒரு நெளிவு கிளம்பினால், அது ஈர்ப்பலைகளை அனுப்பி அனுப்பியே ஓய்ந்துவிடும், நட்சத்திரம் நிலைத்து நிற்கும் என்பது அவன் கண்ட முடிவு. அதற்கான கணக்கு நான் எழுதிக் கொடுத்தது. அக்கா எழுதினதாச்சே என்று அவன் சரிபார்க்கவே இல்லை.

ஓடும் பஸ்ஸுக்குள் ஒருவன் பின்பக்கமாக நடந்தாலும், ரோட்டில் நிற்பவருக்கு அவன் முன்னால்தான் போகிறான். அந்த நெளிவும் அப்படித்தான், நட்சத்திரத்தோடு சுழன்றால் பின்னால் போகும், வெளியே நின்று பார்த்தால் முன்னால் போகும். அலை வெளியே போவதால் ரோட்டில் நின்று கணக்குப் போட வேண்டும். நான் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து போட்டிருக்கிறேன். திருத்தினால் எல்லாம் தலைகீழ். அலை போகப் போக நெளிவு பெருகும், நட்சத்திரம் நிலைக்காது. வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைத்த பாவி நான்.

அவன் வந்தான். புதுச் சட்டை, காலரில் விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்கியது. சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி இருப்பது? அவன் அந்த வரியை இரண்டு தடவை படித்தான்.

"திருப்பி ஓட்ட எவ்வளவு நாளாகும்க்கா?"

"ஒம்பது நாள்."

"அப்பா வந்து உக்காந்திருக்காரு. ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்காரு."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "தப்பு என்னோடதுன்னு நானே போய்ச் சொல்றேன்" என்றேன்.

"யாரோடதா இருந்தா என்னக்கா, தீசிஸ் அட்டையில எம் பேருதானே இருக்கு."

அதற்குள் அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். பார்வையாளர் வரிசையில் அவன் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலிதான் எனக்குக் கிடைத்தது. "நீங்கதானே அந்த அக்கா? உங்களாலதான் இவ்வளவு தூரம் வந்தேன்னு சொல்லிக்கிட்டே இருப்பான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரையில் முதல் படம். நெளிவின் அளவைக் காட்டும் கோடு அழகாகக் கீழே இறங்கி ஓய்ந்திருந்தது. நிதானம் கையிலிருந்த சிவப்பு விளக்கின் புள்ளியை அதன் நுனியில் வைத்தான். தேர்வாளர்கள் காத்திருந்தார்கள். புள்ளி லேசாக ஆடியது. பிறகு இன்னும் கொஞ்சம் அகலமாக ஆடியது.