தக்காளிக் காயினின் வரவு செலவு

"அப்பா, அந்தக் காசெல்லாம் ராத்திரி எங்கப்பா தூங்கும்?" என்று ஒருநாள் பிளசி கேட்டாள். ஆறு வயதுப் பிள்ளை. பொம்மையைத் தூங்க வைத்துவிட்டு வந்த கையோடு கேட்டது.

இனிகோ கால்மேல் கால் போட்டுக்கொண்டு, அது தூங்கவே தூங்காது, பிளாக்செயின் என்கிற கம்ப்யூட்டர் பேரேட்டில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் என்று விளக்கினான். சொன்னது பொய்யில்லை. காசு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவனை விட்டு.

பாலக்கோட்டில் 'தக்காளிக் காயின்' என்ற டிஜிட்டல் காசை ஆரம்பித்தவன் அவன். விலை விழுந்தால் விவசாயி தக்காளியை ரோட்டில் கொட்டுகிறான். காயின் கையில் இருந்தால் கொட்ட வேண்டியதில்லை என்பது திட்டம். ஏன் வேண்டியதில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிறுவனருக்கே தெரிந்திருக்காது.

பதினொரு லட்சம் சேர்ந்தது. சேர்ந்த காரணம் பிளாக்செயின் இல்லை, அந்தோனியார் திருவிழா. இனிகோ திருவிழாக் கமிட்டியின் செயலாளர். ஒவ்வொரு வருடமும் திருவிழா முடிந்த ஞாயிறு, பூசையின் கடைசி ஆசீருக்கு முன்னால், மைக்கில் வரவு செலவு வாசிப்பான். தேருக்குப் பூக்கட்டிய நூல் முதல் ஃப்யூஸ் போன பல்பு வரை விடமாட்டான். அப்படி வாசிக்கிற வாயை நம்பித்தான் கோயில் சனம் கொடுத்தது.

கோயிலுக்கு வராத ஒருவரும் கொடுத்தார். மாயவன், ஒரு ஏக்கர் தக்காளிக்காரர். மார்க்கெட்டில் ஏலம் நடக்கிற இரைச்சலுக்கு நடுவில், வேட்டி மடிப்பிலிருந்து பதினைந்தாயிரத்தை எடுத்து நீட்டினார். எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்ற வைத்திருந்த பணம்.

"இதயும் ஏத்திக்க கண்ணு. நம்முளுது பட்டன் போனு, அதுல ஒண்ணும் தெரியாது."

சாயங்காலம் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம் என்று இனிகோ பையில் வைத்தான். சாயங்காலம் பலூன்காரன் பாக்கிக்கு வந்து நின்றான். பணம் அவனோடு போயிற்று. ஏற்றுவது அப்படியே மறந்தும் போயிற்று.

அது சாதாரண பலூன் இல்லை. திறப்பு விழாவுக்காக வீடு உயரத்தில் செய்த தக்காளி. நிறுவனர் பேச எழுந்தபோது கயிறு அறுந்து தெற்கே கிளம்பிவிட்டது. மறுநாள் தொப்பூர் கணவாயில் ஒரு மரத்தில் சிக்கிக் கிடந்த அதன்முன் லாரி டிரைவர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நிறுவனத்துக்குக் கிடைத்த பெரிய விளம்பரம் அதுதான்.

கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ், பின்னால் சாய்கிற நாற்காலி, மாதம் ஒருமுறை பெங்களூரிலிருந்து வந்து 'நஷ்டம்னு சொல்லாதீங்க, அனுபவம்னு சொல்லுங்க' என்று கற்றுக்கொடுத்த ஆலோசகர் எல்லாம் போக, ஒரு வருடத்தில் மிஞ்சியது அனுபவம்.

அடுத்த திருவிழா வந்தது. இனிகோ வழக்கம்போல வாசித்தான். நூல் நாற்பது ரூபாய் என்று முடித்தபோது, முன் பெஞ்சிலிருந்து சவுரியப்பன் எழுந்தார். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் இரண்டு லட்சத்தைக் காயினில் போட்டவர். குரலை உயர்த்தவே இல்லை.

"நூலுக்குக்கூட கணக்கு சொல்றீங்க தம்பி. அந்தக் காயினுக்கும் ஒரு நாளு வாசிச்சிருங்க."

இனிகோ வாசித்த தாளை மடித்தான். சந்தை நிலவரம் என்று தொடங்கலாமா என்று பார்த்தான். பீடத்தைப் பார்த்தான். அந்த இடத்தில் நின்று அதைச் சொல்ல நாக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறு வாசிக்கிறேன் என்றான்.

அந்த வாரம் முழுக்க அவன் மனைவி கேத்தரின் அவன் தட்டில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே வைத்தாள். அதுதான் அவனைச் சாப்பிட விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பணம் போட்டவர்களின் பெயர்களை முதலில் வாசித்துவிட்டு, இனிகோ செலவுக்கு வந்தான். தக்காளிப் பலூன் அறுபத்தையாயிரம் என்று வாசித்ததும், கூட்டத்தில் ஒருவர், அந்தக் காசுக்கு நிஜத் தக்காளி வாங்கியிருந்தால் ஊரே ஒரு மாதம் ரசம் வைத்திருக்கும் என்றார். 'சமூகம் வளர்த்தல், இரண்டு லட்சம்' என்று வந்தபோது சவுரியப்பன் கை தூக்கினார்.

"சமூகம்னா யாரு தம்பி?"

"நீங்கதாங்க."

"நாங்க வளர்ந்த மாதிரி தெரியலீங்களே."

மண்டபம் சிரித்தது. இனிகோவும் சிரித்தான், சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. ஆலோசகர் சொல்லிக்கொடுத்த அத்தனையும் மறந்துபோய், "உங்க காசை நான் வீணாக்கிட்டேங்க" என்றான். யாரோ ஒரு பெண் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் பணம் போட்டவள்தான். அந்த ஒரு டம்ளரை அவன் சாகும்வரை மறக்கமாட்டான்.

காரை விற்பது, மேட்டு நிலத்தை விற்பது, மிச்சத்தை மாதாமாதம் தருவது என்று முடிவாயிற்று. இனிகோ தக்காளி மண்டி ஒன்றில் சம்பளத்துக்குச் சேர்ந்தான். சாயாத நாற்காலி. ஒன்றரை வருடத்தில், வாசித்த பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் தீர்த்துவிட்டான். சவுரியப்பன் அவன் தோளைத் தட்டி, இனிமேல் திருவிழாக் கணக்கை நிம்மதியாக வாசி என்றார்.

நிம்மதி வரவில்லை. மண்டியில் மாயவனைப் பார்த்தபோதுதான், வாசித்த பட்டியலில் அவர் பெயர் இல்லை என்பது உறைத்தது. எதையும் அழிக்க முடியாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட பிளாக்செயினிலும் இல்லை. கொடுத்த அவரும், அதிர்ஷ்டம் இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். மண்டிக்கு வரும்போதெல்லாம், பிள்ளைக்குக் கொடு என்று நாலு நல்ல பழத்தை இனிகோவின் மேசையில் வைத்துவிட்டுப் போவார். தராவிட்டால் கேட்க ஆளே கிடையாது, கடவுளைத் தவிர. அந்த வீட்டில் பழம் இனித்தது பிளசிக்கு மட்டும்தான்.

அடுத்த மாதச் சம்பளமும் கைச்சேமிப்பும் சேர்ந்து பதினைந்தாயிரம் ஆன அன்று, மத்தியானம் மாயவனின் தோட்டத்துக்குப் போனான். கையில் கொடுத்தால் அவர் பாதியைத் திருப்பித் தருவார், அல்லது ஊரெல்லாம் இவனைப் புகழ்வார். இரண்டையும் தாங்க இனிகோவுக்குத் தெம்பில்லை.

மாயவன் தோட்டத்தின் அந்தக் கோடியில் குனிந்து மடை மாற்றிக்கொண்டிருந்தார். மோட்டார் கொட்டகைக்குள் ஆணியில் அவர் சட்டை தொங்கியது. பையில் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் இருந்தன. இனிகோ பணத்தை அவற்றுக்கு அடியில் வைத்து, பையின் பொத்தானைப் போட்டான். சட்டையை முன்பு தொங்கியபடியே திருப்பிவிட்டான்.

பைக்கை ஸ்டார்ட் செய்யாமல், ரோடு வரும்வரை தள்ளிக்கொண்டே போனான்.