இடுப்பில் ஓர் உர்ர்

உர்ர்ர்...

இடுப்பில் அதிர்ந்ததுதான் தாமதம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு பாத்ரூமுக்குப் பாய்ந்தேன். தாழ்ப்பாளைப் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டு, பேன்ட் பையிலிருந்து போனை உருவினேன். மேனேஜருக்கு ஒரு 'சரி சார்'. கட்டைவிரலுக்கு வழி தெரியும், கண் தேவையில்லை. அனுப்பியாயிற்று.

எங்கள் ஆபீசில் அதுதான் வழக்கம். முதலில் 'சரி சார்', படிப்பதெல்லாம் பிறகு சாவகாசமாக. தாமதித்தவர் பெயரை மேனேஜர் மீட்டிங்கில் உரக்க வாசிப்பார். என் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. 'மின்னல்' என்று பட்டமே கொடுத்திருந்தார்கள். பெருமைப்பட வேறெதுவும் இல்லாதவனுக்கு அதுவே கிரீடம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இடது கையில் ரத்த அழுத்தப் பட்டை, அதிலிருந்து போகும் குழாய் முடியும் சின்னப் பெட்டி என் பெல்ட்டில். நாள் முழுக்க அதுவாகவே அளந்துகொள்ளும். அளவு கூடியிருந்தால் ஆயுசுக்கும் மாத்திரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு மாத்திரை என்றாலே குமட்டும். அதனால்தான் அன்று ஒருநாளாவது ஆபீஸ் டென்ஷன் வேண்டாமென்று மனைவி போனை வாங்கி வைத்துக்கொண்டாள். நான் கொடுத்தது உயிர் போன பழைய போன் என்பது, பாவம், அவளுக்குத் தெரியாது.

வெளியே வந்தேன்.

"என்னங்க, காலையிலேருந்து இதே ஓட்டம்?"

வயிறு சரியில்லை என்றேன்.

"அப்ப நாளைக்கு அதையும் சேர்த்துக் காட்டிடலாம்."

மேனேஜருக்கும் அந்தப் பட்டைக்கும் ஏதோ கூட்டணி. அவர் மெசேஜ் அனுப்பும் நேரம் பார்த்துத்தான் அதுவும் கையை இறுக்கும். என் ஓட்டத்தைத்தான் அளக்கும். தூங்கப் போகும்வரை இதே கதை.

மறுநாள் டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துப் புருவம் தூக்கினார். ஒவ்வொரு அளவும் நாய் துரத்தும்போது எடுத்தது போலிருக்கிறதாம். மருந்துச் சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். பக்கத்தில் நர்ஸ், கழற்றிய பெட்டியைச் சரிபார்க்கப் பொத்தானை அழுத்தினார்.

உர்ர்ர்...

நான் கதவுக்குப் பாதி தூரம் போயிருந்தேன்.

டாக்டர் பேனாவை மூடினார். "எங்க ஓடுறீங்க?"

மனைவி கையை மட்டும் நீட்டினாள். போனைக் கொடுத்தேன். திரையில் வரிசையாக என் 'சரி சார்'கள். மேனேஜரிடமிருந்து கடைசியில் ஒன்றே ஒன்று, அன்று காலையில் வந்தது. அவள் நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"யோவ் மின்னல், எதுக்குய்யா சரி? நேத்து பூரா நான் ஒண்ணுமே அனுப்பலையே."