ஒன்பது வருடம் தள்ளி விழுந்த முத்திரை

1980 ஜனவரி இரண்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு புவெர்த்தோ சலீனாவில் கரையிறங்கிய அன்செல்மோ கிரோஸ் என்ற மாலுமி, 1989 ஜனவரி இரண்டாம் தேதிதான் நாட்டுக்குள் வந்ததாக அவனுடைய பாஸ்போர்ட் சொன்னது. அதனால் ஊரில் யார் கண்ணுக்கும் அவன் தெரியவில்லை, முத்திரை குத்திய காசில்தா ரெய்னோசாவின் கண்ணைத் தவிர. தவறு அவளுடையதுதான். எங்கள் துறைமுகத்தின் குடியேற்ற அலுவலகத்தில் அதிகாரி, குமாஸ்தா, கூட்டிப் பெருக்குபவள் எல்லாம் அவள் ஒருத்தியே. தேதி முத்திரையில் வருடத்துக்கு இரண்டு சின்ன ரப்பர் சக்கரங்கள் உண்டு. முந்தின ஜனவரியில் மூன்று வாரம் பழைய வருடத்தையே குத்தித் தள்ளி, தலைநகரத்திலிருந்து மெமோ வாங்கியிருந்தாள். இந்த முறை உஷாராக எழுபத்தொன்பதின் ஏழை எட்டாக உருட்டினாள். ஒன்பதைச் சைபராக உருட்ட மறந்துவிட்டாள். அன்றைக்கு வேறு படகு எதுவும் வரவில்லை.

அன்செல்மோ சிலிக்காரன். தனியாகவே ஒரு பாய்மரப் படகை ஓட்டிக்கொண்டு வந்தவன். முத்திரை விழும்வரை படகில் கட்ட வேண்டிய மஞ்சள் கொடியைக் கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, காகிதங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முறையாக வந்து நின்றவன். வந்த காரணத்தையும் மறைக்கவில்லை. முன்பு வாழைக்காய்க் கப்பலில் வேலை பார்த்தபோது இந்த ஊரில் அவனுக்கு ஒரு பெண் பிறந்திருந்தாள். தாய் காய்ச்சலில் போய்விட்டாள் என்ற செய்தி அவனுக்குக் கிடைக்கவே மூன்று வருடம் ஆயிற்று. எட்டு வயது இஸ்மேனியாவைப் பார்க்க வந்திருந்தான். மறுநாள் காலை அலுவலகத்துக்குத் திரும்பி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"என்ன ஊரும்மா இது? காப்பி கேட்டேன், என்னைத் தாண்டிப் பேசிக்கிறாங்க. மணல்ல நடந்தா தடம் விழல. எம் பொண்ணு என் மேலயே நடந்து போறா."

காசில்தா பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

ரத்து முத்திரை தலைநகரத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதை அனுப்பச் சொல்லி எழுதினால் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும், இரண்டாவது மெமோவோடு வேலையும் போகும். முதல் வருடம் முழுக்க அவள் எழுதவில்லை. உள்ளே வராதவனை வெளியே அனுப்பவும் சட்டத்தில் வழியில்லை என்பதால் அவனால் திரும்பிப் போகவும் முடியவில்லை. காசில்தா கையால் கொடுத்ததை மட்டும் அவனால் சாப்பிட முடிந்தது. அவளும் தேங்காய்ச் சோறும் வறுத்த மீனும் இரண்டு பேருக்குச் சமைக்க ஆரம்பித்தாள். கடைக்காரி அவள் வாங்கும் மீனைப் பார்த்து, "யாருக்குடி இவ்வளவு? புருஷனை ஒளிச்சு வச்சிருக்கியா?" என்று சிரித்தாள். நாற்பத்திரண்டு வயதுவரை அவளோடு சாப்பிட உட்கார்ந்தவர்கள் யாரும் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

ஒரு நாள் அவன் கெஞ்சிக் கேட்டதால், பள்ளிக்கூட வாசலில் இஸ்மேனியாவை நிறுத்தி, உன் அப்பா வந்திருக்கிறார், இதோ உன் பக்கத்தில் நிற்கிறார் என்று சொல்லிப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகள் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"அப்படின்னா என் பையைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க, காசில்தாம்மா," என்று பையைத் தரையில் வைத்தாள் அந்தப் பெண்.

அன்செல்மோ குனிந்தான், இரண்டு கையாலும் இழுத்தான், காலை ஊன்றி இழுத்தான். பை அசையவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். இஸ்மேனியா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள், அதற்குப் பிறகு காசில்தாவைக் கண்டால் எதிர்ச் சாரிக்கு மாறிவிடுவாள். அன்று மாலைதான் காசில்தா தலைநகரத்துக்கு முதல் கடிதம் எழுதினாள். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. வேலையும் போகவில்லை, பதிலும் வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம் போய்க்கொண்டிருந்தது. அவன் தினமும் மகளோடு பள்ளிக்கூடம் வரை நடந்து, மாலையில் அலுவலகத்துக்கு வந்து, அவள் இன்று என்ன பாடம் படித்தாள், யாரோடு சண்டை போட்டாள் என்று சொல்வான். காசில்தா கேட்டுக்கொண்டே முத்திரைகளைத் துடைப்பாள். படகிலிருந்த மஞ்சள் கொடி வெயிலில் வெளுத்து, கிழிந்து, கடைசியில் கயிறு மட்டும் மிஞ்சியது.

1986 மார்ச்சில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ரத்து முத்திரையும், மூன்று பேர் கையெழுத்துப் போட்ட அனுமதியும் இருந்தன. காசில்தா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு மேஜையின் அடி டிராயரில் வைத்துப் பூட்டினாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அந்த நாளைக்கு ஐந்து மாதம் நீண்டது. அவனை ஊர் பார்த்துவிட்டால் அவன் மகள் வீட்டுக்குப் போய்விடுவான், காசில்தா மறுபடி ஒரு மீன் மட்டும் வாங்குவாள். இதைத் துரோகம் என்றுதான் சொல்ல வேண்டும், அவளும் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள், ஆனாலும் டிராயரைத் திறக்கவில்லை.

ஆகஸ்டில் இஸ்மேனியாவுக்குப் பதினைந்து வயது நிறைந்தது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மாதா கோயில் கூடத்தில் விழா, ஊரே போயிருந்தது. பதினைந்து முடிந்த பெண்ணின் தட்டைச் செருப்பைக் கழற்றி, குதிகால் உயர்ந்த செருப்பை மாட்டி, முதல் நடனம் ஆட வேண்டியவர் அப்பா. இஸ்மேனியா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வளர்த்த பெரியம்மா டெல்பினாவின் புருஷன் இடுப்பு வலியால் வரவில்லை. யார் மாட்டுவது என்று பெரியவர்கள் ஓரமாகக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசிய நேரம் முழுக்க அன்செல்மோ அவள் காலடியில் முட்டி போட்டு, அந்தச் செருப்பைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைக் கூடத்தில் ஒருத்திதான் பார்த்தாள். அவளால் தாங்க முடியவில்லை.

இரண்டு தெரு ஓடிப்போய் டிராயரைத் திறந்து, ஓடி வந்தாள். காற்றிலிருந்து எதையோ பிடுங்குவதுபோல அவன் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை உருவி, கேக் மேஜையில் விரித்தாள்.

"மார்ச்சுலயே வந்துடுச்சு இது," என்றாள். "நான்தான் மறைச்சு வச்சேன்."

அன்செல்மோ எழுந்து அவளைப் பார்த்தான், வாயைத் திறந்தான். அதற்குள் முத்திரை விழுந்துவிட்டது.

அவனை அவளுக்கு மட்டும் காட்டிய பழைய முத்திரை ரத்தானதும், ஊருக்கு அவன் தெரிந்தான், காசில்தாவுக்குத் தெரியாமல் போனான். அவள் பார்த்ததெல்லாம், ஒரு செருப்பு தானாக உயர்ந்து இஸ்மேனியாவின் காலில் ஏறியதுதான். கேட்டதெல்லாம், அந்தப் பெண் பாதிப் பாதியாகப் பேசியதுதான்.

"எங்கேர்ந்து?... பள்ளிக்கூட வாசல்லயா? ஆறு வருஷமாவா?... அப்ப அந்தப் பை?" என்றவள் வெற்றிடத்தின் மேல் சாய்ந்து அழுதாள்.

"அழுறது அப்புறம் இருக்கட்டும். மனுஷன் நிக்கிறாரு, ஒரு தட்டு கொண்டாங்கடா," என்றாள் டெல்பினா. வாத்தியம் ஆரம்பித்தது. இஸ்மேனியா ஒரு கையை உயர்த்தி, ஒரு கையைத் தோள் இருக்கும் உயரத்தில் வைத்து, தனியாகச் சுழன்றாள். காசில்தா அதை முடியும்வரை பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

வெளிநாட்டுக்காரருக்குத் தொண்ணூறு நாள்தான் அனுமதி, பிறகு வந்து நீட்டிக்க வேண்டும். நவம்பரில் பாஸ்போர்ட் ஒன்று அந்தரத்தில் வந்து கவுன்டரில் இறங்கியது. இறால் பிடிக்கும் நிகனோர், அதே கவுன்டரில் கொடுக்கும் மீன்பிடி உரிமத்துக்காகப் பக்கத்தில் நின்றிருந்தான். காசில்தா தலையைத் தூக்காமல் அவனிடம், விழா அன்றைக்கு அவர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்டாள்.

நிகனோர் பக்கவாட்டில் திரும்பிக் கேட்டுவிட்டுச் சொன்னான். "அவருக்கு மார்ச்சுலயே தெரியுமாம். நீங்க படிக்கும்போது தோளுக்குப் பின்னாடி நின்னு அவரும் படிச்சுட்டாராம்."

"பின்ன ஏன் கேக்கல?"

நிகனோர் மறுபடி காது கொடுத்தான். இந்த முறை வெகுநேரம் கேட்டான். காது மடல் சிவந்துவிட்டது.

"இதெல்லாம் என் வாயால சொல்ற விஷயமில்லை, காசில்தாம்மா. முத்திரையைக் குத்துங்க, பின்னாடி ஆள் நிக்குது."

காசில்தா வருடச் சக்கரம் இரண்டையும் சரிபார்த்தாள். பிறகு தொண்ணூறு நாள் கொடுக்க வேண்டிய இடத்தில் முப்பது நாள் மட்டும் கொடுத்தாள், இனி மாதம் ஒரு தடவை வந்து நிற்கும்படி. பாஸ்போர்ட் கவுன்டரிலிருந்து எழுந்து, திறந்து, சற்று நேரம் அப்படியே நின்றது. மறுபேச்சு எதுவும் வந்ததாக நிகனோர் சொல்லவில்லை.