பூஜ்ஜியத்துக்குக் கீழே

விளக்கைப் போட்டதும் ஆய்வகத் திரையில் கோடு பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கியது. கிரேட்டா கண்ணாடித் துண்டைக் கழுவி மறுபடி அமிழ்த்தினாள். மறுபடியும் கீழேதான்.

"சுத்தத்தவிட சுத்தமான தண்ணியா? பெரிய ஆளுதான் போ!" என்று பக்கத்து மேசையிலிருந்து ஆர்லோ சிரித்தான். தண்ணீர் அவன் கொடுத்ததுதான். வீட்டுக் கிணற்றுநீரைக் கேனில் கொண்டுவர அன்று அவள் மறந்துவிட்டாள். பெட்ரோல் பங்கில் வாங்கிய ஊற்றுநீர் பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை நீட்டியிருந்தான்.

நகம் அகலக் கண்ணாடி, அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத துகள்களின் பூச்சு. நீரில் அமிழ்த்தி ஒளி பாய்ச்சினால் துளி மின்சாரம் கசியும். சோளக்காட்டுக் களைக்கொல்லி கலந்திருந்தால் அது ஏறும். வெறும் காய்ச்சி வடித்த நீரில் சோதித்தால் எந்த ஆய்விதழும் மதிக்காது. அதனால்தான் கிணற்றுநீர்; அதில் களைக்கொல்லி மருந்தை அளந்து கலப்பாள். கலக்கும் முன்பே கொஞ்சம் மின்சாரம் காட்டும். அயோவாக் கிணறென்றால் சுண்ணாம்பும் இரும்பும் இல்லாமலா? அதற்குப் 'பின்னணி' என்று பெயர் வைத்து, கணினியே கழித்துவிடும்படி செய்திருந்தாள். குளிர்காலம் முழுக்க அது கழித்துக்கொண்டே இருந்தது.

"சுண்ணாம்பு இல்லாத தண்ணியா இது?"

ஆர்லோ பாட்டிலைத் திருப்பிப் படித்தான். "கிணத்துத் தண்ணி மாதிரியேதான் இருக்கு. சுண்ணாம்பு, இரும்பு, எல்லாமே போட்டிருக்கான்."

கிரேட்டா பாட்டிலை வாங்கித் தானே படித்தாள். சுண்ணாம்போ இரும்போ இந்தப் பூச்சை அசைக்காது என்று கட்டுரையில் பெருமையாக எழுதியவளே அவள்தான். 'பின்னணி' என்று பெயர் வைத்தபோது படித்தவளுக்குத் தன் எழுத்தையே நம்பத் தோன்றவில்லை! அப்படியானால் இத்தனை நாள் கழித்தது எதை? நேற்றைய கேனின் அடியில் கிடந்த நீரை ஊற்றி, கழித்தலை நீக்கினாள். விளக்கைப் போட்டாள். கோடு ஏறியது. குடிநீருக்கு அரசு அனுமதிக்கும் அளவைத் தாண்டியும் ஏறியது.

"ஐயோ" என்றான் ஆர்லோ. சிரிப்பு எங்கோ போய்விட்டது.

அவள் கணவன் வென்டெல் மருந்துத் தொட்டியை நிரப்புவது கிணற்றடியில்தான். தொட்டிக்குள் குழாயை முக்கிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவான். பம்பு நின்றால் தொட்டியிலுள்ள மருந்து அதே குழாய் வழியே கிணற்றுக்குள் திரும்பும். அவனை அழைக்கப் போய் போனில் இரண்டு முறை தவறான பெயரைத் தொட்டாள்.

"பாப்பாவுக்குப் பால் கலந்துட்டியா?"

"குடிச்சிட்டிருக்கா. செல்லத்துக்குப் பசி தாங்கல."

"எந்தத் தண்ணில?"

"நம்ம தண்ணிலதான். வேற எதுல கலப்பாங்க?"

"பாட்டிலப் பிடுங்கு."

"என்னாச்சு உனக்கு?"

"பிடுங்குடா! கேள்வி அப்புறம் கேளு!"

குழந்தை வீறிட்டது. பிறந்த நாள் முதல் அந்தக் கிணற்றுநீரில் கலந்த பாலைத் தவிர வேறெதையும் அறியாத குழந்தை அது.

"அழுறா கிரேட்டா, மூச்சுமுட்ட அழுறா. நான் என்னத்தக் குடுக்க?"

"அழட்டும்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பாலையே கொடுத்து அவன் அழுகையை நிறுத்திவிடுவானோ என்று பயந்தவளாய் போனைக் காதோடு இறுக்கிக்கொண்டாள்.