பால் கேட்டுப் போனவள்

குழந்தை மறுபடியும் கக்கிவிட்டது. எப்சிபா பால் புகட்டும் பாலாடையைக் கீழே வைத்துவிட்டுத் தன் தோளில் வழிந்த வெள்ளாட்டுப் பாலை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பசும்பாலில் தண்ணீர் விட்டுக் கொடுத்துப் பார்த்தாயிற்று. வண்ணான் வீட்டில் கேட்டுக் கழுதைப்பால் வாங்கி வந்தும் பார்த்தாயிற்று. உள்ளே போனதெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது. சர்வதீர்த்தக் குளத்துப் படியில் கந்தலில் சுற்றிக் கிடந்த அன்று தெருவையே கூட்டும்படி அழுத பெண் இது. இப்போது வாயைத் திறந்தால் பாதி நேரம் காற்றுதான் வருகிறது. உச்சிக்குழி விரல் பதிகிற அளவுக்கு இறங்கியிருந்தது. தர்மாஸ்பத்திரி டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, தாய்ப்பால் கிடைத்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். 

ஊரில் அவளை வேதக்காரம்மா என்பார்கள். ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு, அது நிறையப் பிள்ளைகள், எல்லாம் யாரோ பெற்று எங்கோ விட்டுவிட்டுப் போனவை. அவளும் அப்படி வந்தவள்தான். தாது வருஷப் பஞ்சத்தில் செங்கல்பட்டுக் கஞ்சித்தொட்டி ஓரத்தில் கிடந்தவளை மிஷன் அம்மா ஒருத்தி எடுத்து வளர்த்தாள். தன் ஜாதி என்ன, பெற்றவள் பேர் என்ன என்று நாற்பத்தைந்து வயதாகியும் எப்சிபாவுக்குத் தெரியாது. தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது அவள் கட்சி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொய் சொல்லமாட்டாள், பொய் சொன்ன பிள்ளைக்கு அன்று சாயங்காலம் பொட்டுக்கடலை கிடையாது. இன்னொரு வைராக்கியமும் உண்டு. வாசலுக்கு வந்த பிள்ளையை வேறு யாருக்கும் தூக்கிக் கொடுப்பதில்லை. பிள்ளையில்லை என்று பட்டணத்திலிருந்து ரயிலேறி வந்த புருஷன் பெண்டாட்டிக்கு மோர் கொடுத்து, அடுத்த ரயிலில் அனுப்பிவைத்தவள். கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் பிள்ளை தேடி வருவதில்லை, பத்துப்பாத்திரம் தேய்க்க ஆள் தேடி வருகிறார்கள் என்பதை அவள் கண்ணாரக் கண்டிருக்கிறாள். பிடிவாதக்காரி என்று சபையில் பேர். அந்தப் பேரைக் காப்பாற்ற அவள் தனியாகப் பாடுபடவேண்டி இருந்ததில்லை.

முந்தின சாயங்காலம் குழந்தையின் மூச்சு சீராக இல்லை என்று பட்டதும், பாதிரியார் பிறகு கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் என்று தானே ஞானஸ்நானத் தண்ணீர் தெளித்துத் தபீத்தாள் என்று பேர் வைத்தாள். வேதத்தில் செத்துப் பிழைத்தவளின் பேர் அது. பேர் வைத்ததோடு சும்மா இருக்கவில்லை. இன்று விடிந்ததிலிருந்து கைக்குழந்தைக்காரிகளின் வீட்டுக் கதவைத் தட்டி வந்தாள். ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒருத்தி தன் பிள்ளைக்கே போதவில்லை என்றாள். ஒருத்தி மட்டும் உள்ளதைச் சொன்னாள்: "யாரு பெத்ததோ. அத எப்டிமா மார்ல போட்டுக்கிறது?"

பிறகு வெள்ளாட்டுப் பாலோடு இன்னொரு தரம் மல்லுக்கட்டி, அதுவும் தோளில் வழிந்த பிறகு, குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பவும் கிளம்பினாள். தேரடியில் பூக்கடை வீராசாமி யாரோ ஒரு பெண்ணிடம் கையை விரித்துக்கொண்டிருந்தான்.

"மல்லி இல்லமா. இருந்த மொட்ட எல்லாம் பிள்ளையார்பாளையத்துக்கு வாரிக்கினு பூட்டாங்க. மயில்வாகன முதலியார் வூட்டுக்கு."

"என்ன விசேஷம் அவங்க வூட்டுல?" என்று கேட்டபடியே எப்சிபா கடந்து போனாள்.

"விசேஷம் இன்னாமா விசேஷம், எழவு வூடு. கட்டின பூ வோணாம், உதிரியா குடுன்னு நேத்தும் வாங்கினாங்க, இன்னிக்கும் வாங்கினாங்க."

எப்சிபாவின் கால் நின்றுவிட்டது. தலையில் வைக்கிறதென்றால் சரமாக வாங்குவார்கள். உதிரி மொட்டு எதற்கென்று அவளுக்குத் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் மார்பில் மல்லிகை மொட்டை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். மாற்றி மாற்றிக் கட்டினால் சில நாளில் பால் வற்றிவிடும். அங்கே ஒருத்தியின் பாலை வற்ற அடிக்கிறார்கள், இங்கே ஒரு குழந்தை பாலில்லாமல் வற்றிக்கொண்டிருக்கிறது. துக்க வீட்டில் போய்ப் பால் கேட்பது மனுஷர் செய்கிற காரியமா என்று ஒரு கேள்வி எழத்தான் செய்தது. அதற்குப் பதில் யோசிக்க இப்போது பொழுதில்லை என்று நடையை எட்டிப் போட்டாள்.

தெருவெல்லாம் தறிச்சத்தம். அந்த ஒரு வீட்டில் மட்டும் சத்தமில்லை. மயில்வாகனம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, பாதி நெய்த சேலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் தாயார் வள்ளி வாசற்படியை மறித்து நின்றாள்.

"எங்கமா வந்த?"

சுற்றி வளைத்துப் பேச எப்சிபாவுக்கு என்றைக்கும் வந்ததில்லை. "பால் கேட்டு வந்தேன்மா. இந்தப் புள்ளைக்கு."

வள்ளி அவளையும் துணி மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். "எம் பேரன மண்ணுல வெச்சிட்டு வந்து எங்க தலைமுடி இன்னும் காயல. நீ பால் கேக்கற."

"கேக்கக் கூடாதுதான். கேக்கலன்னா இது செத்துடும்."

"நீ பெத்ததா?"

"இல்ல. நான் பெத்ததே இல்ல."

"அதான் கேக்க வாய் வந்துது," என்றாள் வள்ளி.

எப்சிபாவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் நகரவில்லை. வெயில் முகத்தில் படாமல் துணியை இழுத்துவிட்டபோது குழந்தை பூனைக்குட்டி மாதிரி ஈனமாக ஒரு சத்தம் போட்டது. உள்ளறையில் வளையல் சத்தம் கேட்டது.

"அத்த, யாரு புள்ள அது அழுவுது?" மருமகள் ஏலவார்குழலியின் குரல்.

"ஒண்ணுமில்ல. நீ படு."

"எப்டி படுக்கிறது அத்த? அது அழுவுது, இங்க தானா ஊத்துது. பூவு, துணி எல்லாம் நனைஞ்சிடுச்சு."

வள்ளியின் முகத்தில் ஏதோ அசைந்தது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் படியிறங்கி எப்சிபாவின் காதோரம் வந்தாள்.

"நானும் புள்ள பெத்தவதான்மா, கல்லு இல்ல. ஆனா நாளைக்கு நாலு பேரு, எவளோ போட்டுட்டுப் போனத எடுத்து மார்ல போட்டுக்கினான்னு எம் மருமவள பேசுவாங்க. நம்ம ஜனத்துப் புள்ளன்னு ஒரு வார்த்த சொல்லு. யாரு வூடுன்னு சொல்ல வோணாம். அந்த ஒரு வார்த்த போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

எப்சிபாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. குளத்துப் படியில் கிடந்ததற்கு என்ன ஜனம்? கஞ்சித்தொட்டி ஓரத்தில் கிடந்தவளுக்கு என்ன ஜனம்? தெரியாது என்று சொல்லிவிட்டால் நாக்கு சுத்தமாக இருக்கும். சுத்தமான நாக்கோடு வீட்டுக்குப் போய், தோட்டத்து வேப்பமரத்தடியில் சின்னதாக ஒரு குழி தோண்டலாம். அவள் துணியை விலக்கிக் குழந்தையின் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உங்க ஜனந்தான்மா," என்றாள்.

"எனக்குச் சொல்லி என்னா? எதிர் வூட்டுக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

எப்சிபா ஜெபக்கூட்டத்தில் பாட்டு எடுத்துக்கொடுத்துப் பழகிய குரலில் தெருவுக்கே சொன்னாள். "உங்க ஜனத்துப் புள்ளதான்மா! எனக்குத் தெரிஞ்ச வூடு. பேரு மட்டும் கேக்காதீங்க!" எதிர் வீட்டில் தறிச்சத்தம் நின்று, மறுபடி கேட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வள்ளி குழந்தையை வாங்கி, மிஷன் துணியை உருவிப் படியில் போட்டு, வெந்நீரில் துடைத்து, பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றி உள்ளே கொண்டுபோனாள். எப்சிபாவை உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அவள் படிக்குக் கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஏலவார்குழலி, "வாயத் தெறக்க மாட்டேங்குது அத்த," என்று அழுதாள். "பீய்ச்சி உதட்டுல தடவு," என்றாள் வள்ளி. அதற்கும் பிறகு, பெரியவர்கள் தண்ணீர்த் தாகத்தில் குடிப்பதுபோல, மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது.

எப்சிபா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெபம் செய்யக் கண்ணை மூடினாள். பொய் சொன்னேன், மன்னியும் என்று ஆரம்பிக்கவேண்டும், ஆனால் வாய் வரவில்லை. நாளைக்கு வேறொரு தெருவில் வேறொரு வாசலில் இதையே சொல்லச் சொன்னால் இதைவிடக் கூடச் சத்தமாகச் சொல்லுவாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே மன்னிப்புக் கேட்டால் அது இரண்டாவது பொய். ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டாள்.

வள்ளி கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தாள். "குடிச்சிட்டுத் தூங்குது. கக்கல."

"உங்கள ஆண்டவர் ஆசீர்வதிப்பாருமா. ஒடம்பு தேறினதும் வந்து எடுத்துக்கினு போறேன்."

"எங்க எடுத்துக்கினு போவ?" வள்ளி நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "நம்ம ஜனத்துப் புள்ளைய எதுக்கு வேதக்கார வூட்டுல வளக்கணும்? தெருவே கேட்டுதே நீ சொன்னத."

எப்சிபா அந்த முகத்தில் தந்திரத்தைத் தேடினாள். இல்லை, அல்லது அவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவள் சொன்ன பொய்யை அந்த வீடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். நான் பொய் சொன்னேன், இது யார் பிள்ளையோ எனக்குத் தெரியாது என்றால் போதும். அந்த நிமிஷமே குழந்தை அவள் கைக்குத் திரும்பிவிடும், பாலாடைக்கும் வெள்ளாட்டுப் பாலுக்கும் திரும்பிவிடும். உண்மை தொண்டை வரை வந்து நின்றது. அதை அப்படியே விழுங்கினாள். அவளுடைய தபீத்தாள், அவள் வாசலுக்கு வந்த பிள்ளை, போய்விட்டாள்.

எழுந்து நின்று முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "அப்போ நான் சொல்றத நீங்களும் கேக்கணும். தறிக்குத் தார் சுத்தவும் பாத்திரம் தேய்க்கவும் வந்த ஆளு இல்ல இது. உங்க மருமவளுக்கு இன்னும் எத்தினி பொறந்தாலும் இவதான் மூத்தவ. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்."

"பொட்டப் புள்ளைக்குப் பள்ளிக்கூடமா?"

"ஆமா, பொட்டப் புள்ளைக்குத்தான். தினமும் வந்து பார்ப்பேன். உள்ள வர மாட்டேன், இங்கயே நின்னு பாத்துட்டுப் போறேன். புள்ள எளச்சிருந்தா நீங்க என்ன சொன்னாலும் தூக்கிக்கினு போயிருவேன்."

வள்ளி பதில் சொல்ல வாயெடுத்தாள். தறிக்குழியிலிருந்து மயில்வாகனம் திரும்பாமலே சொன்னார்: "வரட்டும்மா. வந்து பாக்கட்டும்."

வள்ளி படியில் கிடந்த துணியைக் கால் விரலால் நகர்த்தினாள். "இத்த நீ எடுத்துக்கோ." பிறகு, குரல் கொஞ்சம் இளகி, "பேரு எதுனா வெச்சியா?" என்று கேட்டாள்.

"இல்லமா," என்றாள் எப்சிபா. "நீங்களே வையுங்க."

இதைச் சத்தமாகச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது நாளைக்கு எடுத்துப் போகவேண்டியவற்றை யோசித்துக்கொண்டே வந்தாள். பால் கொடுக்கிறவளுக்குப் பூண்டு வேண்டும், கருப்பட்டி வேண்டும். அந்த வீட்டில் இவள் கொடுத்தால் தொடமாட்டார்கள், வீராசாமி மூலமாக அனுப்பவேண்டும். யோசனை ஓடுகிற வரைக்கும் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

வீட்டு வாசலில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். பாப்பா எங்கே என்று பெரிய பிள்ளைகள் கேட்கத் தயங்கினார்கள், ஏனென்றால் துணி மட்டும் திரும்பி வந்ததை இதற்கு முன்னாலும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். "பாப்பா நல்லா இருக்கா," என்று எப்சிபா சொன்னாள். நம்புவதா வேண்டாமா என்று அவர்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். நடக்கப் பழகி வருகிற லேயாளுக்கு மட்டும் அந்தத் தயக்கம் இல்லை. எப்சிபா திண்ணையில் உட்கார்ந்ததும் தத்தித் தத்தி வந்து அவள் மடியில் ஏறி, கையிலிருந்த துணியை இழுத்து, பாப்பாவைத் தேட ஆரம்பித்தாள். ஒரு மடிப்பைப் பிரித்தாள், குனிந்து உள்ளே பார்த்தாள், அடுத்த மடிப்பைப் பிரித்தாள். எப்சிபா துணியின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு, அவள் பிரிப்பதற்குத் தோதாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.